மின்விசிறி நின்ற நேரம்

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். போன மாதம் போட்ட இரண்டு கடிதத்துக்கும் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. சனிக்கிழமை பார்க்க வந்தபோது கேட்டால், "எழுத என்னக்கா இருக்கு இங்க" என்கிறாய். எனக்கு மட்டும் இங்கே நாளுக்கொரு அதிசயமா நடக்கிறது? காலையில் எழுந்தால் பல் செட், பொழுது சாயும்வரை பல் செட். யாருக்கோ பல் விழுந்தால்தான் எனக்குச் சோறு. அதையும்தான் பக்கம் பக்கமாக எழுதுகிறேன்.

ஆனால் இந்த முறை சேதி இருக்கிறது. உட்கார்ந்து படி.

பாட்காஸ்ட் என்று ஒன்றை இப்போது எல்லாரும் கேட்கிறார்கள். நீ உள்ளே போன காலத்தில் இவ்வளவு பரவவில்லை. ரேடியோ மாதிரிதான், ஆனால் நேரம் காலம் கிடையாது, வேண்டும்போது போனில் போட்டுக் கேட்கலாம். பஸ்ஸில் காதில் எதையோ செருகிக்கொண்டு தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டு வருகிறவர்கள் பாதிப் பேர் அதைத்தான் கேட்கிறார்கள். அதில் ஒருவர், செய்யாத குற்றத்துக்குத் தண்டனை வாங்கியவர்களைப் பற்றி வாரா வாரம் நிகழ்ச்சி நடத்துகிறார். போன வருஷம் ஒரு பஸ் கண்டக்டரின் மனைவியை அழைத்துப் பேச வைத்தார். அவள் பேசி எட்டு மாதத்தில் வழக்கைத் திரும்ப எடுத்தார்கள். கண்டக்டர் இப்போது வீட்டில் இருக்கிறார்.

அவருக்கு நான்கு முறை எழுதினேன். உன்னிடம் சொல்லவில்லை, சொல்லி, நடக்காமல் போனால் உனக்குத்தான் வலி. நேற்று மதியம் லேபில் வாய் அச்சில் பிளாஸ்டர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது அவரே கூப்பிட்டார். "ஒன்றரை மணி நேரம் உங்களுக்கு. ஏப்ரல் பதினொண்ணு பதிவு. தயாராயிட்டு வாங்க" என்றார். பிளாஸ்டர் கல்லாக இறுகிப்போய், அந்த அச்சு வீணாகிவிட்டது. முதலாளி என்னை ஒன்றும் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்திருப்பார்.

ஏழு வருஷத்தை ஒன்றரை மணி நேரத்தில் எப்படிச் சொல்வது? இன்று எல்லாரும் சாப்பிடப் போன பிறகு, அலமாரியில் வரிசையாக இருக்கிற பிளாஸ்டர் தாடைகளிடம் சொல்லிப் பார்த்தேன். "என் தம்பி ஒரு மெத்தைக் கிடங்குல ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிட்டு இருந்தான். ஒரு நாள் மதியம் ரெண்டு மணிக்குக் கிடங்கு தீப்பிடிச்சது. உள்ள ஸ்டோர்கீப்பர் செத்துப்போனார். அன்னிக்குக் காலையில மேனேஜர் எல்லார் எதிர்லயும் தம்பியத் திட்டி வெளிய அனுப்பியிருந்தார். அதனால அவன்தான் கொளுத்தினான்னு பிடிச்சாங்க. ஆனா ஒரு மணிக்கே அவன் என் வீட்டுக்கு வந்துட்டான். சாயங்காலம் வரைக்கும் என் கூடத்தான் இருந்தான்." இதைச் சொல்லி முடித்தபோது முப்பது தாடைகளும் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தன. முப்பதில் ஒன்றுகூட மறுத்துப் பேசவில்லை. கோர்ட்டைவிட எவ்வளவோ மேல்.

உன் சம்மதம் வேண்டும். உனக்குத் தோன்றுவதையெல்லாம் எழுது. முழங்காலுக்குக் களிம்பு தடவுகிறாயா?

உன் அக்கா


பிப்ரவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். கடிதத்தை மூன்று முறை படித்தேன். நான்காவது முறை, பக்கத்துப் படுக்கை வாத்தியாரைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். அவர் நிஜ வாத்தியார் இல்லை. எழுத்துப்பிழை கண்டுபிடிக்கிறார் என்பதால் அந்தப் பெயர். உன் கடிதத்தில் ஏழு பிழை என்றார். வருஷத்துக்கு ஒன்று என்று சொல்லிச் சிரித்தோம்.

சம்மதம் கேட்கிறாயே, நான் யார் சம்மதிக்க? எனக்காக நீ ஏறி இறங்காத படி இல்லை. மேல்முறையீடு தள்ளுபடியான அன்றைக்கு நானே விட்டுவிட்டேன். நீதான் விடவில்லை. கண்டக்டர் வீட்டுக்கு வந்த கதையை ராத்திரி படுக்கையில் நினைத்துக்கொண்டே கிடந்தேன். வீட்டுக்கு வந்ததும் முதலில் என்ன செய்திருப்பார் என்று. நானாக இருந்தால், உள்ளே நுழைந்து கதவை உள்பக்கம் தாழ்ப்பாள் போடுவேன். இங்கே எந்தக் கதவையும் உள்பக்கம் தாழ்போட முடியாது அக்கா.

சரி, உனக்குச் சில யோசனைகள். நீ வேகமாகப் பேசும்போது கடைசி வார்த்தையை விழுங்கிவிடுகிறாய். நிறுத்திப் பேசு. அழாதே. அழுதால் பாவம் என்பார்கள், நம்ப மாட்டார்கள். அந்த லாரி டிரைவரை விடாதே. பின்கேட் வழியாக இரண்டு மணிக்கு நான் வெளியே போனதைப் பார்த்தேன் என்று சொன்னானே, அவன் மேனேஜருக்கு வேண்டியவன் என்று சொல். ஸ்டோர்கீப்பர் சிகரெட்டையும் மறக்காமல் சொல். சாப்பிட்டுவிட்டு மெத்தை அடுக்குக்குப் பின்னால் போய்ப் படுப்பது அவர் வழக்கம். பஞ்சும் ஃபோமும் நிறைந்த இடத்தில் ஒரு துண்டு நெருப்பு போதும். இதையெல்லாம் நீ முன்பே பத்திரிகையில் சொன்னதுதான். அங்கே பத்து வரியில் போட்டார்கள். இங்கே விரித்துச் சொல்லலாம்.

பைண்டிங் பிரிவில் இந்த மாதம் பள்ளிக்கூட நோட்டுகள். கை முழுக்கப் பசை. முழங்கால் அப்படியே இருக்கிறது.

உன்னை விட்டால் எனக்கு நாதி இல்லை. அதை நீ அறிவாய்.

உன் அன்புத் தம்பி


மார்ச் 1

அன்புள்ள தம்பிக்கு,

வேகவேகமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக வந்தால் வாத்தியார் மன்னிக்கட்டும்.

அந்த நிகழ்ச்சியில் ஒரு பெண் இருக்கிறாள். வருகிறவர்களோடு முதலில் போனில் பேசிக் குறிப்பெடுப்பது அவள் வேலை. இருபத்தைந்து வயதுதான் இருக்கும். குரலில் அவ்வளவு நிதானம். நேற்று இரண்டு மணி நேரம் பேசினாள். "கொஞ்சம் ரெக்கார்ட் பண்ணிக்கறேங்க்கா, முன்னோட்டத்துக்கு உதவும்" என்றாள். சரி என்றேன். நீ சொன்னபடி நிறுத்திப் பேசினேன், அழவில்லை. "அந்த ஸ்டோர்கீப்பர் சிகரெட்ட அணைக்காமத் தூங்கிட்டார். செத்தவர் செஞ்ச தப்புக்கு என் தம்பி உயிரோட புதைஞ்சு கிடக்கான்" என்றும் சொன்னேன்.

அப்புறம் கேட்டாள்: "தம்பி ஒரு மணிக்கு வந்தார்னு எப்படிங்க்கா உங்களுக்குத் தெரியும்?"

நீ நம்புவாயா தம்பி, இதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. போலீஸ் கேட்கவில்லை. கோர்ட்டில் அரசு வக்கீல் எழுந்து, "நீங்க இவரோட கூடப்பிறந்த அக்காதானே?" என்று ஒரே கேள்வி கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். நம் வக்கீலும் கேட்கவில்லை.

நான் யோசித்துச் சொன்னேன். எனக்கு அன்றைக்கு நூற்றுமூன்று காய்ச்சல். லேபுக்குப் போகாமல், திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்திருந்தேன். போனில் சார்ஜ் இல்லை. மின்விசிறி நின்று உடம்பெல்லாம் வியர்த்து விழிப்பு வந்தது. அதே நேரம் நீ கதவைத் தட்டினாய். திறந்ததும், "மணி ஒண்ணாச்சு, இன்னுமா தூங்கற" என்றாய். அதுதான். மேஜையில் கிடந்த காலண்டர் அட்டையை எடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு விசிறினாய். கரண்ட் வரும்வரை, கை மாற்றி மாற்றி, ஒரு மணி நேரம் விடாமல் விசிறினாய். கொலைகாரன் என்று உன்னைச் சொன்ன ஒவ்வொரு முறையும் எனக்கு அந்தக் கைதான் ஞாபகம் வரும். அதையும் அவளிடம் சொன்னேன். அந்த இடத்தில் மட்டும் குரல் உடைந்துவிட்டது, மன்னித்துக்கொள்.

அவள் சட்டென்று, "இருங்க இருங்க. அப்ப கரண்ட் போயிருந்துதா?" என்றாள். ஆமாம் என்றேன். "அக்கா, மின்சார அலுவலகத்துல எந்தத் தெருவுல எப்ப கரண்ட் போச்சு, எப்ப வந்துதுன்னு பதிவு இருக்கும். பழசானாலும் எழுதிக் கேட்டா குடுப்பாங்க. அன்னிக்கு உங்க தெருவுல ஒரு மணிக்கு கரண்ட் போயிருந்தா, உங்க தம்பி ஒரு மணிக்கு அங்க இருந்தாருன்னு அர்த்தம். இது கோர்ட் பாக்காத சாட்சி" என்றாள்.

கோர்ட் பார்க்காத சாட்சி. ஏழு வருஷமாக அது என் வாயிலேயே இருந்திருக்கிறது. விண்ணப்பம் கொடுத்துவிட்டாள். பத்து நாளில் பதில் வருமாம்.

வருகிற சனிக்கிழமை நேரில் பேசுவோம். எனக்கு இங்கே நிலைகொள்ளவில்லை.

உன் அக்கா


மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று நீ வந்து பதினொரு மணிவரை காத்திருந்து திரும்பிப் போனதாகச் சொன்னார்கள். முழங்கால் வீங்கி மருத்துவப் பிரிவில் கிடந்தேன். கோபித்துக்கொள்ளாதே.

கரண்ட் விஷயத்தை விட்டுவிடு அக்கா. அந்தப் பெண்ணிடம் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல். உனக்கு அன்றைக்குக் காய்ச்சல். நூற்றுமூன்றில் எது எப்போது நடந்தது என்று யாருக்கு நினைவிருக்கும்? விசிறியது வேறொரு நாளாகக்கூட இருக்கலாம். உனக்குக் காய்ச்சல் வந்தது அந்த ஒரு தடவையா? கோர்ட்டில் சொன்னதற்குமேல் புதிதாக ஒன்றைச் சொன்னால், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று திருப்பிக் கேட்பார்கள். இருக்கிறதும் கெட்டுப்போகும்.

லாரி டிரைவர், சிகரெட், மேனேஜர். இந்த மூன்றோடு நிறுத்திக்கொள். விசிறிக் கதையை மட்டும் எங்கேயும் சொல்லாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அன்புத் தம்பி


மார்ச் 20

தம்பிக்கு,

பதில் வந்துவிட்டது.

அந்தப் பெண் தபாலில் நகல் அனுப்பியிருந்தாள். கூடவே ஒரு குறிப்பு: "அக்கா, இதைப் பார்த்துவிட்டு எனக்குக் கூப்பிடுங்கள்." அவ்வளவுதான் எழுதியிருந்தாள். நான் இன்னும் கூப்பிடவில்லை.

நம் தெருவில் அன்றைக்குக் கரண்ட் போனது ஒரே ஒரு முறை. மூன்று பத்துக்குப் போயிருக்கிறது. நான்கு ஐந்துக்கு வந்திருக்கிறது.

காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் அந்த அலுவலகத்தைத் திட்டினேன். தேதியை மாற்றி எழுதியிருப்பார்கள், தெருவை மாற்றியிருப்பார்கள் என்று. பிறகு எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டேன், நீ சொல்லிக்கொடுத்த மாதிரி. ஆனால் தம்பி, நீ கதவைத் தட்டியபோது விசிறி நின்றிருந்தது. அது எனக்குக் காய்ச்சலில் வந்த கனவு இல்லை. நீ விசிறியதும் வேறு நாளில் இல்லை. சாயங்காலம் போலீஸ் வந்தபோது அந்தக் காலண்டர் அட்டை கட்டில்மேலேயே கிடந்தது. ஒரு போலீஸ்காரர் அதை நகர்த்திவிட்டு உட்கார்ந்தார்.

கிடங்கிலிருந்து நம் வீட்டுக்கு இரண்டு பஸ். ஒரு மணி நேரம். இரண்டு மணிக்குத் தீ. நீ வந்தது மூன்று பத்துக்குமேல்.

அப்படியானால் மணி ஒன்று என்று என்னிடம் ஏன் சொன்னாய்?

இன்று லேபில் ஒரு மேல்தாடையில் பற்களை வரிசை மாற்றி வைத்துவிட்டேன். வெட்டும் பல் இருக்க வேண்டிய இடத்தில் கடைவாய்ப் பல். மெழுகு வேலை செய்கிற பெண் பார்த்து, "அக்கா, இவர் இதை வெச்சுக்கிட்டு எப்படிச் சிரிப்பார்?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் கழிப்பறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன்.

இதற்கிடையில் போன திங்கட்கிழமை முன்னோட்டத்தை வெளியிட்டுவிட்டார்கள். ஒரு நிமிஷம் ஓடுகிறது. என் குரல்தான். செத்தவர் செய்த தப்புக்கு என்று நான் சொல்வது. நாற்பதாயிரம் பேர் கேட்டுவிட்டார்கள் என்று நிகழ்ச்சிக்காரர் செய்தி அனுப்பியிருக்கிறார், கூடவே ஒரு பூங்கொத்துப் படமும்.

ஏழு வருஷத்தில் உன்னை நான் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. கேட்பதே பாவம் என்று இருந்தேன். இப்போது கேட்கிறேன். ஒரே வரியில் எழுது. நீ செய்தாயா?

அக்கா


மார்ச் 27

அக்கா,

எழுத முடியாது. நேரில் வா.


ஏப்ரல் 19

தம்பிக்கு,

நான்காம் தேதி உன்னைப் பார்த்துவிட்டு வந்து பதினைந்து நாள் ஆகிறது. அன்றைக்குப் பேச முடியாததை இப்போது எழுதுகிறேன்.

இருபது நிமிஷம் கொடுத்தார்கள். அதில் பதினேழு நிமிஷம் நீ சாப்பாட்டைப் பற்றியும் முழங்காலைப் பற்றியும் பேசினாய். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் போனைக் காதில் வைத்துக்கொண்டு உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். மணி அடிக்கப்போகிறது என்று வார்டர் சொன்ன பிறகுதான் சொன்னாய்: "உள்ள ஆள் இருக்கார்னு எனக்குத் தெரியாதுக்கா."

"சாப்பிட்டுட்டு அங்கதான் படுப்பார்னு நீதானே எழுதின?" என்று கேட்டேன்.

"அன்னிக்கு வரலன்னு நெனச்சேன். சரக்கு மட்டும்தான் எரியும்னு நெனச்சேன். எல்லார் எதிர்லயும் அந்த மேனேஜர் என்னை அப்படிப் பேசிட்டான்க்கா" என்றாய்.

"எங்கிட்ட ஏன் மணி ஒண்ணுன்ன?"

"தெரியல. வாயில வந்துடுச்சு. அப்புறம் நீ போலீஸ்கிட்ட அதையே அவ்வளவு அழுத்தமா சொன்ன. நீ சொல்லக் கேக்கக் கேக்க எனக்கே நிஜம்னு ஆயிடுச்சு."

மணி அடித்தது. நீ எழுந்து போனாய். திரும்பிப் பார்த்தாய். நான் கை காட்டவில்லை.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நான்கு பஸ்ஸை விட்டேன். எதில் ஏறுவது என்று தெரியவில்லை. எனக்கு என்னென்னவோ நினைவு வந்தது. கண்ணாடிக்கடைக்காரர் நினைவு வந்தார். என்னைக் கட்டிக்கொள்கிறேன் என்று இரண்டு வருஷம் காத்திருந்தாரே, அவர்தான். "ஒருவேளை உன் தம்பி செஞ்சிருந்தா?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். அன்றைக்கே அவரை வாசலோடு அனுப்பினேன். போகும்போது அவர், "நான் கேட்டது தப்புன்னா மன்னிச்சிடு" என்றார். தப்பில்லை என்று இப்போது யாரிடம் போய்ச் சொல்ல? அவருக்கு இரண்டு குழந்தைகள்.

அது என் பாடு. அதை விடு.

மறுநாள் ஸ்டோர்கீப்பர் வீட்டுக்குப் போனேன். அந்த அம்மாவைக் கோர்ட்டில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், ஒரு தடவையும் பேசியதில்லை. மூன்றாவது மாடி. இரும்புக் கதவைத் திறக்காமல் உள்ளே நின்றுகொண்டார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. நர்சரிப் பள்ளி வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை செய்கிறார். வேன் டிரைவர் தன் போனில் என் குரலைப் போட்டுக் காட்டியிருக்கிறான்.

"அவருக்கு ஆஸ்துமா. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஒரு சிகரெட் அவர் கையில நான் பாத்ததில்ல. பக்கத்துல யாராவது பத்த வெச்சாலே எழுந்து போயிடுவார்" என்றார்.

இதைக் கோர்ட்டிலும் அவர் சொன்னார் தம்பி. உனக்கு நினைவிருக்கிறதா? ஆம்பிளைகள் பெண்டாட்டிக்குத் தெரியாமல் சிகரெட் பிடிப்பதுதானே என்று நான் வராந்தாவில் நின்று சத்தமாகச் சொன்னேன். அவர் காதில் விழட்டும் என்றுதான் சொன்னேன்.

"நான் சொன்னது பொய். உண்மை தெரியாம சொன்னேன். மன்னிப்புக் கேக்க வந்தேன்" என்றேன்.

அந்த அம்மா அழவில்லை, திட்டவில்லை. "எங்கிட்ட சொல்லி என்னம்மா? அவர் செத்த விதம் எனக்குத் தெரியும். அங்க போய் அத்தனை பேர் கேக்கச் சொன்னீங்க இல்ல? அங்கயே போய் மாத்திச் சொல்லுங்க" என்றார். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். இரும்புக் கதவு ஏற்கெனவே சாத்தித்தான் இருந்தது. சாத்த வேண்டியிருக்கவில்லை.

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. வீட்டுக்கு வந்து திரும்பவும் தயார் செய்தேன். இரண்டு மாதமாக எழுதி வைத்த குறிப்பையெல்லாம் கிழித்துவிட்டு, ஒரே பக்கம் எழுதினேன். தீ வைத்தது என் தம்பி. செத்தவர் சிகரெட் பிடிக்காதவர். லாரி டிரைவர் பார்த்ததைச் சொன்னார். நான் ஏழு வருஷம் தவறாகப் பேசினேன். எந்தத் தாடையிடமும் சொல்லிப் பார்க்கவில்லை. இதற்கு ஒத்திகை வேண்டியிருக்கவில்லை.

பிறகு நிகழ்ச்சிக்காரரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். பதினொன்றாம் தேதி வருகிறேன், இதைத்தான் பேசுவேன் என்றேன்.  அவர் ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மனசு எனக்குப் புரியுது. ஆனா நம்ம நிகழ்ச்சி நிரபராதிங்களப் பத்தினது. இது அதுக்குள்ள வராது. நீங்க இப்படிப் பேசினா, ஏற்கெனவே பேசினவங்க மேலயும் ஜனங்களுக்குச் சந்தேகம் வரும்." பதினொன்றாம் தேதிக்கு வேறு ஒருவரை ஏற்பாடு செய்துவிட்டார்களாம்.

"பத்து நிமிஷம் குடுங்க. சிகரெட் இல்லன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிடறேன்" என்று கெஞ்சினேன். முன்னோட்டத்தை எடுத்துவிடுகிறோம் என்றார். எடுத்துவிட்டார்கள். ஆனால் அது போனுக்குப் போன் போய்விட்டது. நேற்று எங்கள் லேபுக்கு வந்த கூரியர் பையன் என் குரலைக் கேட்டு, "நீங்கதானே அந்த அக்கா? செத்தவன் பண்ண தப்புக்கு" என்று ஆரம்பித்தான். இல்லை என்றேன்.

அந்தக் குறிப்பெடுக்கும் பெண் மட்டும் தனியாகக் கூப்பிட்டாள். "நான் அந்த விண்ணப்பத்தப் போட்டிருக்கக் கூடாதாக்கா?" என்று கேட்டு அழுதாள். போட்டது சரி என்று சொன்னேன். அவளுக்காவது யாராவது சொல்ல வேண்டும்.

பொய்யைச் சொல்ல ஒன்றரை மணி நேரம் கொடுத்தார்கள். அதைத் திருத்த ஒரு நிமிஷம் எங்கேயும் இல்லை. பத்திரிகைக்கும் எழுதினேன். பழைய விஷயம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஆகையால் மிச்சம் இருப்பது நீதான். உன் கையெழுத்தில், நடந்ததை அந்த அம்மாவுக்கு எழுது. ஒரு பக்கம் போதும். நான் சொன்னால் அக்கா ஏதோ கிறுக்குப் பிடித்துப் பேசுகிறாள் என்பார்கள். நீ எழுதினால் அதற்குமேல் பேச்சு கிடையாது. இதோடு நல்ல வெள்ளைத்தாள் நான்கும், அவர் முகவரி எழுதிய உறையும் வைத்திருக்கிறேன். எனக்கு எழுத வேண்டாம். அவருக்கு எழுது.

தண்டனைக் குறைப்புக் குழு இரண்டு வருஷத்தில் உன் பெயரைப் பரிசீலிக்கும், இந்தக் கடிதம் அதைக் கெடுக்கலாம் என்று எனக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

உன்னை வெறுக்க முயற்சி செய்து பார்த்தேன், வரவில்லை. உன் எதிரில் வந்து உட்காரவும் முடியவில்லை. அந்த அம்மாவுக்குக் கடிதம் போய்ச் சேர்ந்தது என்று தெரிந்த பிறகு வருகிறேன். அதுவரைக்கும் வர மாட்டேன். எழுதவும் மாட்டேன்.

அக்கா


ஏப்ரல் 26

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். உன் கடிதம் பத்திரமாக வந்து சேர்ந்தது. இங்கே வெயில் ஏறிவிட்டது. பைண்டிங் கூடத்தில் பசை வாளிக்குள்ளேயே காய்ந்துபோகிறது. மணிக்கொரு தரம் தண்ணீர் விட்டுக் கிளற வேண்டியிருக்கிறது. முழங்கால் முன்னைக்கு இப்போது எவ்வளவோ பரவாயில்லை. புதிதாக வந்திருக்கிற டாக்டர் நல்ல மனுஷர். உட்கார வைத்துப் பேசுகிறார்.

வாத்தியாருக்கு இந்த மாதம் விடுதலை. போகும்போது தன் போர்வையை எனக்குக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்றிருக்கிறார். குழுவுக்கு அனுப்பும் பட்டியலில் என் பெயரையும் சேர்த்திருப்பதாக ஹெட் வார்டர் சொன்னார். "ஒரு கறுப்புப் புள்ளி படாம ரெண்டு வருஷம் ஓட்டிடு, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். உனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றுதான் உடனே எழுதுகிறேன்.

நீ அனுப்பிய தாள் நல்ல தாள் அக்கா. இங்கே கடையில் கிடைப்பதில் மை ஊறிவிடுகிறது, இதில் ஊறவில்லை. அதில் ஒன்றில்தான் இதை எழுதுகிறேன். இன்னும் மூன்று இருக்கிறது. அடுத்த முறை எழுத உதவும்.

லேபில் வேலை அதிகமா? நின்றுகொண்டே வேலை செய்யாதே, காலில் நரம்பு சுருண்டுகொள்ளும். நேரத்துக்குச் சாப்பிடு. நீ மெலிந்து தெரிந்தாய் அன்றைக்கு.

மற்றதையெல்லாம் கடிதத்தில் எழுதி என்ன, நேரில் பேசிக்கொள்ளலாம். வருகிற சனிக்கிழமை மாதத்தின் முதல் சனிக்கிழமை, பார்க்க விடும் நாள்தான். கொஞ்சம் முன்னதாகக் கிளம்பு. ஒன்பதுக்கு முன்னால் வந்தால் ஐந்தாம் நம்பர் ஜன்னல் கேட்டு வாங்கலாம். மூன்றாம் நம்பரில் போன் கரகரவென்கிறது, நீ பேசுவது பாதி எனக்குக் கேட்பதில்லை.

காத்திருப்பேன்.

உன் அன்புத் தம்பி